பதினான்காம் மாடிக்குத் தண்ணீர் ஏறிய விதம்

காசித்தும்பைக்குக் கண்ணாடித் தண்டு.
அதனால் வருடா வருடம் அதுதான் பலி.
வேர்மண்ணைக் கழுவி
சிவப்பு மைத் தண்ணீரில் நிறுத்திவிட்டு
நான்காம் ஆண்டு மல்லிகையை
ஓய்வுக்கு அனுப்பினேன்.

வாயோரம் மீகோரெங் ஒட்டியிருக்க
இருபத்தாறு பேர் திரும்பி வந்து
தண்டுக்குள் ஏறும் சிவப்புக் கோட்டைப்
பார்த்தார்கள்.
"டீச்சர், லிஃப்ட்டு!" என்றான் ருபேந்திரன்.

சரி, லிஃப்ட்டுதான்.
பலகையில் 'சைலம்' என எழுதி
பக்கத்தில் கதவு வைத்து ஒரு பெட்டி வரைந்தேன்.
இதில் தண்ணீர் மேலே போகும்.
இன்னொன்றில், இலையில் சமைத்த சாப்பாடு
எல்லா வீட்டுக்கும் போகும்.
சமையற்காரர் பெயர் பச்சையம்,
அடுப்பு வெயில்.

பாண்டான் இலையை அரைத்துச்
செண்டோலுக்குப் பிழிகிறார்களே, அந்தப் பச்சையா
என்று கேட்டாள் லோஷினி.
அதேதான் என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"அப்போ எங்கப்பா பச்சையம் விக்கிறாரு.
கிண்ணம் நாலு வெள்ளி."

அப்புறம் பாசி.
கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் சுரண்டியது,
ஐஸ்கிரீம் டப்பா மூடியில்,
பச்சைக் கம்பளத்தின் கிழிசல் போல.
இதற்குக் குழாய் கிடையாது.
வேர் மாதிரி இருப்பது வேர் இல்லை.
இலை மாதிரி இருப்பது நிஜ இலையும் இல்லை.
பச்சையம் மட்டும் அசல்.

"குழாய் இல்லாம எப்படி டீச்சர் குடிக்கும்?"

ஒரு செல் வாங்கிப் பக்கத்துச் செல்லுக்குக் கொடுக்கும்,
அது அடுத்ததற்கு, என்றேன்,
பயிற்றியில் இருந்தபடி.
ருபேந்திரன் மூடியை முகர்ந்து பார்த்தான்.
நம்பவில்லை.
மணி அடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை எங்கேயோ பெரிய குழாய் வெடித்தது.
பாயா தெருபோங்கில் எங்கள் அடுக்ககத்துக் குழாய்கள்
இரண்டு முறை இருமின,
காற்றைத் துப்பின,
அடங்கின.
ஞாயிறு காலை லாரி வந்தது,
வாசல்வரை மட்டும்.
லிஃப்ட்டில் 'ரோசாக்' என்ற அட்டை
தீபாவளிக்கு முன்னாலிருந்தே தொங்குகிறது.
பதினான்கில் மூன்று வீடு.
ஒன்றில் பிறந்து நாற்பது நாளான இரட்டையர்.

யார் சொன்னார்கள் என்று தெரியாது,
படிக்கட்டில் ஆள் நின்றது,
மாடிக்கு ஒருவராய், சில இடத்தில் இருவராய்.
எனக்கு ஒன்பது.
எனக்கு மேலே பத்தில் மேடம் குவா,
கையில் ரப்பர் உறையோடு.
எனக்குக் கீழே எட்டில்
பனியனும் ஜப்பான் சிலிப்பருமாய்
ருபேந்திரன்.
இதே கட்டடம் என்று இவன் சொன்னதே இல்லை.
நானும் கேட்டதில்லை.

பெயிண்ட் வாளி, மைலோ டின்,
அரிசி கழுவும் பேசின்,
ஒரு குழந்தைக் குளியல் தொட்டிகூட.
வாங்கு, கொடு, வாங்கு, கொடு.
இருபதாவது வாளிக்குப் பிறகு
தோள்பட்டை வேறு யாருடையதோ ஆனது.

"டீச்சர்,
நாம இப்போ பாசி."

சிரித்ததில் வாளி தளும்பி
என் கால் நனைந்தது.
அவன் சிரிக்கவில்லை.
வாளிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"கீழே நிறைய இருந்துச்சு.
இங்க வரும்போதே முக்கால்தான்.
மேலே போகும்போது பாதிகூட இருக்காது.
அதான் பாசி குட்டையாவே இருக்கா?"

அது அடுத்த வாரப் பாடம்.
நான் இன்னும் நடத்தவில்லை.

ஒன்பதாம் மாடித் திருப்பத்தில்
கைப்பிடிச் சுவரின் மூலையில்
ஒரு கறுப்புப் பொருக்கு.
ஆறு வருடமாய்ச் சாம்பிராணிக் கரி என்றே
நினைத்து வந்தேன்.
காலை முழுக்கச் சிந்திய தண்ணீர்
அதன்மேல் வழிந்திருக்க வேண்டும்.
கடைசி வாளிகள் வரும்போது பார்த்தால்
அது கறுப்பாக இல்லை.
நகம் அளவு, இன்னொரு நகம் அளவு,
பச்சை,
அத்தனை நாளும் எங்கோ மடித்து வைத்திருந்த பச்சை.

அவனைக் கூப்பிட்டேன்.
குனிந்து விரலால் அழுத்தினான்.
"செத்துப்போயிருந்துச்சா டீச்சர்?"

தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.
வகுப்பில் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை.

அவன் மைலோ டின்னைச் சாய்த்து
மூலையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினான்.
வீணாக்காதே என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் மேலிருந்து மேடம் குவா,
"சிக்கு! பால்டி மானா?"